செத்த பன்றியைப் பார்த்தால் யாருக்குப் போன் போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் வட்டாரத்தில் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தோட்டம் ஏறி இறங்குவேன், குலையை ஆலையில் கொட்டிவிட்டு மறுபடி காட்டுக்குள் போவேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதும் பழக்கமெல்லாம் கிடையாது. என் மகள்தான், "வாட்சாப்பில் புலம்புவதை ஒரு தாளில் எழுதி அனுப்பினால் என்னப்பா?" என்று கேட்டாள். சரி, எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து ஆள்கள் வேலைக்காட்டுக்குப் போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் மேட்டுப் பக்கம் லோரியை நிறுத்திவிட்டுக் குலைக்காகக் காத்திருந்தேன். உதிரிப்பழம் பொறுக்கும் அம்மா ஒருவர் தலைத்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "தம்பி, கால்வாய் ஓரம் என்னவோ செத்துக் கிடக்குது, வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். பெரிய காட்டுப்பன்றி, பெட்டை. ஒருக்களித்துக் கிடந்தது. குண்டு பட்ட காயம் இல்லை, கண்ணி மாட்டிய தடம் காலில் இல்லை. மூக்கோரம் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது, அதில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளிக் கால்வாய்த் தண்ணீரில் பாதி உடம்பு நனைந்தபடி இரண்டு குட்டிகள், அவையும் செத்துத்தான் கிடந்தன.

குலை வெட்டுகிற தம்பி ஒருவன் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "பெரிசு இன்னும் கெட்டுப்போகல அண்ணே, தொடையை மட்டும் எடுத்துக்கலாமா?" என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, கையில் கத்தி இருந்தது. நம் தோட்டப்புறத்தில் காட்டுப்பன்றிப் பிரட்டல் என்றால் சும்மாவா, ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டில் கிடைத்தாலும் வாசம் பிடித்துப் போய்விடுவோம், நானும் போயிருக்கிறேன். ஆனால் அது வேட்டையில் விழுந்த பன்றி. இது தானாகச் செத்த பன்றி. வேண்டாம்டா தம்பி என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அப்புறம் நான் போனபிறகு யாராவது வெட்டினார்களா என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் பெரிய பன்றிக்கு ஒரு கால் இல்லை, அது மட்டும் தெரியும். நாய் இழுத்ததா, கத்தி இழுத்ததா, நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

தோட்ட வேலையை மேற்பார்க்கும் வெளிக்காட்டுக் கிராணியாரிடம் சொன்னேன். "செத்தா நல்லதுதானய்யா, கன்றுங்க தப்பிக்கும்" என்று சிரித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. மறுநடவு செய்த இளங்கன்றுகளின் குருத்தைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றுவிட்டுப் போகும்போது திட்டு வாங்குகிறவர் அவர்தான். சரி, நானே யாருக்காவது சொல்லலாம் என்று போனை எடுத்தேன். காட்டுக்குள் லைன் இல்லை. ஆலைக்குப் போகும் வழியில் ரோட்டோரம் நிறுத்தி, கூகளில் தேடி ஒரு எண்ணுக்கு அடித்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார், இது இங்கே இல்லை என்று வேறு எண் கொடுத்தார். அந்த எண் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது இடத்தில், லொக்கேஷன் அனுப்புங்கள் என்றார்கள். லொக்கேஷன் அனுப்ப வேண்டுமென்றால் நான் பன்றி பக்கத்தில் நிற்க வேண்டும், பன்றி பக்கத்தில் நின்றால் லைன் கிடைக்காது. கடைசியில் தோட்டத்தின் பெயர், நிரை எண், கால்வாய் எல்லாம் எழுதி, படம் இரண்டு சேர்த்து அனுப்பிவைத்தேன். பார்த்தார்களா இல்லையா தெரியாது. வெள்ளிக்கிழமை நான் திரும்ப அந்தப் பக்கம் போனபோது உடும்பும் நாயும் வேலையை முடித்திருந்தன, எலும்பும் தோலும்தான் கிடந்தது. சனிக்கிழமை பேக்ஹோ வந்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டது. அந்தப் பன்றிகள் எதனால் செத்தன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. யாராவது விஷம் வைத்திருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. அந்தச் செவ்வாய்க்கிழமை பன்றி கிடந்த இடத்தைச் சுற்றி நடந்துவிட்டு, அதே பூட்ஸோடு லோரியில் ஏறி, ஆலைக்குப் போனேன். அங்கிருந்து இன்னும் இரண்டு தோட்டம். சாயந்திரம் வீட்டுக்குப் போய், மாமனாரின் மாட்டுக் கொட்டகையில் புல் கட்டு இறக்கிவைத்தேன். சக்கரத்தைக் கழுவவில்லை, பூட்ஸைக் கழுவவில்லை, கழுவ வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. இராத்திரி படுத்தபிறகுதான் 1999 ஞாபகத்துக்கு வந்தது.

நான் அப்போது 22 வயதுப் பையன், லோரியில் கெலிண்டான், அதாவது ஓட்டுநருக்கு உதவியாள். சிரம்பான் பக்கமிருந்து தீனி மூட்டை ஏற்றிக்கொண்டு புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளுக்குப் போவோம். என் வயதுத் தோட்டத்துப் பையன்கள் பல பேர் அந்தப் பண்ணைகளில் வேலை செய்தார்கள், தோட்டத்துச் சம்பளத்தைவிட நாலு காசு அதிகம். அந்த வருடம் பன்றிகள் இருமின. சாதாரண இருமல் இல்லை, நாய் குரைக்கிற மாதிரி. ஒரு மைலுக்கு அப்பால் கேட்கும் என்று சொல்வார்கள், மூட்டை இறக்கும்போது எனக்கே காது வலித்திருக்கிறது. அப்புறம் ஆள்களுக்குக் காய்ச்சல், தலைவலி, சோர்ந்து படுத்தால் எழுப்ப முடியாத தூக்கம், பிறகு நினைவு தப்பிப் போய்விடும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். கொசுவால் வருவது என்றார்கள். புகை மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அடித்துக்கொண்டே இருந்தார்கள், ஆள்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். கொசு என்றால் பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து மலாய்க்காரர்களையும்தானே கடிக்கும், வீட்டில் இருக்கும் பிள்ளைகளையும்தானே கடிக்கும்? விழுந்தவர்களோ பெரும்பாலும் பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரிய ஆண்கள், சீனர்களும் நம்மவர்களும். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தீனி லோரிக்காரர்களும் பண்ணைக் கூலிகளும்தான். எங்களை யார் கேட்டார்கள்? 1998 செப்டம்பர் கடைசியில் பெராக் மாநிலத்து ஈப்போ பக்கத்தில் ஆரம்பித்த நோய்க்கு உண்மையான காரணம் 1999 மார்ச்சில்தான் தெரிந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அது இதுவரை யாரும் பார்க்காத கிருமி என்று கண்டுபிடித்தார். அதற்கு நம் மாநிலத்து ஊர்ப் பெயரே வைத்தார்கள், நிப்பா. மலேசியாவில் 265 பேருக்கு வந்தது, 105 பேர் போய்விட்டார்கள். நம் பன்றிகளை அறுத்த சிங்கப்பூர்க்காரர்களில் 11 பேருக்கு வந்து ஒருவர் இறந்தார். பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். இராணுவம் வந்து சுட்டது. நாங்கள் கடைசியாகக் கொண்டுபோன தீனி மூட்டைகளை இறக்க ஆளில்லை, பண்ணைக்காரர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார், கதவில் அந்த வருடத்துச் சீனப் புத்தாண்டுச் சிவப்புத் தாள்கூடக் கிழியாமல் இருந்தது. மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

என்னோடு ஒரே லயத்தில் வளர்ந்தவன் ஒருவன் பிழைத்து வந்தான். நல்ல பாட்டுக்காரன், தோட்டத்துத் திருவிழாவில் மைக்கைக் கொடுத்தால் இறக்க மாட்டான். இன்றைக்கும் பேசிக்கொண்டே இருப்பான், நடுவில் ஒரு சொல் வராது, வராத சொல்லுக்காக வாயைத் திறந்தபடி நிற்பான். நாங்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொடுப்பது இல்லை, கொடுத்தால் கோபம் வரும்.

சரி, பெராக்கில் ஆரம்பித்த நோய் நெகிரி செம்பிலானுக்கு எப்படி வந்தது? வௌவால் பறந்து கொண்டுவரவில்லை. அங்கே நோய் என்று தெரிந்ததும் பன்றிகளைக் கிடைத்த விலைக்கு விற்றுத் தள்ளினார்கள், அவை லோரி ஏறித் தெற்கே வந்தன. முதல் பாதிக்குத்தான் வௌவால் பொறுப்பு. பண்ணைக் கொட்டகையை ஒட்டி மாமரம் வைத்திருந்தார்கள், பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட மிச்சம் கொட்டகைக்குள் விழுந்தது, பன்றி தின்றது. மீதி வேலையை நாங்கள் செய்தோம், எங்கள் சக்கரம் செய்தது. நான் ஏற்றியது தீனிதான், பன்றி இல்லை, ஆனாலும் ஒரு பண்ணை வாசலில் மிதித்த மண்ணை அடுத்த பண்ணை வாசலில் உதறியிருக்கிறேன்.

கேரளாவில் 2018-இல் நிப்பா வந்து 17 பேர் இறந்தபோது இங்கே கோப்பிக்கடையில் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். பக்கத்து மேசைப் பையனுக்கு அந்தப் பெயர் இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊருடையது என்றே தெரியவில்லை. கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

இப்போது காட்டுப்பன்றிக்கு வருகிறேன். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது. மனிதருக்கு வராது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பயந்து ஓட வேண்டாம். பன்றிக்கு வந்தால் மிச்சம் வைக்காது. 2018-இல் சீனாவில் நுழைந்தது, 2021 பிப்ரவரியில் சபாவில் தெரிந்தது, அங்கே வளர்ப்புப் பன்றிகளோடு காட்டில் இருந்த தாடிப்பன்றிகளும் செத்தன. அந்த வருடக் கடைசியில் தீபகற்பத்திலும், மலாக்காவில், வந்துவிட்டது. இந்தக் கிருமி சுலபத்தில் மசியாது. செத்த உடம்பில் வாரக்கணக்காக இருக்கும், உறைய வைத்த இறைச்சியில் வருடக்கணக்காக இருக்கும், ரத்தம் பட்ட மண், பூட்ஸ், கத்தி, லோரிச் சக்கரம் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு பயணம் பண்ணும். அந்தப் பன்றி செத்தது இந்தக் காய்ச்சலால்தான் என்றால், அந்தத் தம்பி தொடைக்கறியை வெட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்திருந்தாலும் அந்தக் கிருமியால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கழுவிய தண்ணீரும் வீசிய எலும்பும் நாலு பன்றி வளர்க்கிற ஒருவருடைய கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் அவர் கதை முடிந்தது.

அது பன்றிக் காய்ச்சலா என்று நான்காம் நாளும் கண்டுபிடித்திருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். சதை அழுகிப்போனாலும் பரவாயில்லையாம், தொடை எலும்பை எடுத்துக்கொண்டுபோனால் அதற்குள் இருக்கும் மஜ்ஜையில் கிருமி தங்கியிருக்கும். ஈப்போவில் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது, பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள், கருவி இருக்கிறது. அந்தத் தொடை எலும்பை நான் வெள்ளிக்கிழமை கண்ணால் பார்த்தேன் ஐயா. வெள்ளையாக, கால்வாய்க் கரையில் கிடந்தது. பகாவிலிருந்து ஈப்போ ஒரு பகல் ஓட்டம்.

இன்னொரு பக்கம் நாய். நம் ஊரில் தோட்டம் கைமாறும்போதோ லயத்தை உடைக்கும்போதோ ஆள்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்குப் போகிறார்கள், மாட்டை விற்கிறார்கள், கோழியை அறுக்கிறார்கள், நாயை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார்கள். தாமானில் நாய் வைத்தால் பக்கத்து வீட்டோடு சண்டை. விட்ட நாய் குட்டி போடும், குட்டி குட்டி போடும், நாலு வருடத்தில் செம்பனைக்குள் மனிதர் கையால் ஒரு பிடி சோறு வாங்காத நாய்க்கூட்டம் உருவாகிவிடும். நான் காலையில் போகும் ஒரு பாதையில் பதினோரு நாய்களை எண்ணியிருக்கிறேன். மோட்டாரில் பெரட்டுக்குப் போகிற பெண்கள் அந்தத் திருப்பத்தில் காலைத் தூக்கி ஹேண்டிலில் வைத்துக்கொண்டுதான் போகிறார்கள்.

விசர்நாய்க்கடி மலேசியாவை விட்டுப் போய்விட்டது என்று 2012-இல் அறிவித்தார்கள். மூன்றே வருடம், 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் திரும்ப வந்தது. 2017-இல் சரவாக்கில் செரியானில் ஆரம்பித்து அங்கே இதுவரை ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிரைக் குடித்துவிட்டது. நாய் கடித்தால் மஞ்சள் வைத்துக் கட்டுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேரே கிளினிக்குக்கு ஓடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், காய்ச்சல் வந்தபிறகு போனால் ஒன்றும் செய்ய முடியாது. நெகிரி செம்பிலானுக்கு வரவில்லையே என்பார்கள். வரும்வரை காத்திருந்து, வந்தபிறகு தோட்டம் தோட்டமாக நாயைச் சுட்டுக்கொண்டு திரிவதைவிட, இப்போதே ஊசி போட்டுவிடலாம் அல்லவா? சுட்டால் மிச்சம் இருக்கிற நாய்கள் சிதறி அடுத்த தோட்டத்துக்கு ஓடும், அவ்வளவுதான்.

நாயிடமிருந்து நோய் காட்டுக்கும் போகிறது. 2019 ஜூலையில் திரங்கானு டுங்குனில் ஒரு புலி பட்டப்பகலில் கம்பத்துக்குள் நடந்தது, ஆளைப் பார்த்தும் பயப்படவில்லை. புலிக்குப் பைத்தியமா என்று கேட்கும்படி இருந்தது அந்த வீடியோ. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் பிடித்துக்கொண்டுபோய்ப் பார்த்தது, சில நாளில் செத்துப்போனது. டிஸ்டெம்பர் என்று அப்போதைய அமைச்சர் சேவியர் ஜெயகுமார் சொன்னார். நம் வாசலில் நாய்க்குட்டிக்கு மூக்கு ஒழுகி, கண்ணில் பீளை கட்டி, கால் இழுத்துக்கொண்டு சாகுமே, அதே நோய்தான். காட்டில் மலாயாப் புலி மொத்தமே 150-க்குக் கீழேதான் இருக்கிறது. ஒரு நாய்க்கு ஊசி போட ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள், அப்புறம் ஒரு புலிக்கு என்ன விலை போடுவீர்கள்?

மாட்டைப் பற்றி அதிகம் எழுதவில்லை. 2021-இல் கட்டித்தோல் நோய் வந்தபோது மாமனாரின் பசு ஒன்றுக்கு உடம்பெல்லாம் கொய்யாக்காய் கொய்யாக்காயாக எழும்பியது, பால் பாதியாகிவிட்டது, அவர் ஒரு மாதம் யாரிடமும் சொல்லாமல் வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா வந்து மாட்டைப் பிடிச்சுட்டுப் போயிடுவான்" என்றார். ஈயும் கொசுவும் மாட்டுக்கு மாடு கொண்டுபோகும் நோய் அது, அந்த ஒரு மாதத்தில் கம்பத்து மாடுகள் எத்தனை எங்கள் வேலிக்குப் பக்கத்தில் மேய்ந்தன என்று கணக்கில்லை. பயம் இருக்கும்வரை நம்மவர்கள் மறைப்பார்கள். மாட்டுக்காரருக்கு நஷ்டஈடு எவ்வளவு, எத்தனை நாளில் கையில் வரும் என்பதை நோய் வருவதற்கு முன்னாலேயே தமிழிலும் சொல்லிவிட வேண்டும்.

வெளிநாட்டில் எப்படிச் செய்தார்கள் என்று என் மகள் தேடிக் கொடுத்தாள். செக் நாட்டில் ஸ்லின் என்கிற வட்டாரத்தில் 2017 ஜூனில் காட்டுப்பன்றிகளுக்கு இதே ஆப்பிரிக்கக் காய்ச்சல் வந்தது. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கூட்டமாகக் காட்டுக்குள் இறங்குவோம். அவர்கள் முதலில் வேட்டையை நிறுத்தினார்கள். விரட்டினால் நோய்ப் பன்றி இருபது மைல் தள்ளிப் போய்ச் சாகும் என்ற பயம். சுற்றி வேலி போட்டார்கள், உள்ளே செத்த பன்றிகளைத் தேடினார்கள், கண்டுபிடித்துச் சொன்னவருக்குக் காசு கொடுத்தார்கள். 2019-இல் நோய் இல்லை என்று பெயர் வாங்கினார்கள் (2022-இல் வேறு எல்லை வழியாகத் திரும்ப வந்தது, அது வேறு கதை). பெல்ஜியத்தில் 2018 செப்டம்பரில் வந்தபோது காட்டுக்குள் மரம் வெட்டும் வேலையைக்கூட நிறுத்தினார்கள், ஊர்க்காரர் யாரும் உள்ளே போகக்கூடாது என்றார்கள், 2020-இல் ஒழித்துவிட்டார்கள்.

நெகிரி செம்பிலானைச் சுற்றி யாரும் வேலி போடப்போவதில்லை, தெரியும். ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. செம்பனையில் குலை வெட்டுகிறவன் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஒவ்வொரு நிரையிலும் நடந்தே ஆக வேண்டும், ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்தே ஆக வேண்டும். அப்புறம் உதிரிப்பழம் பொறுக்குகிறவர் தரையையே பார்த்துக்கொண்டு வருகிறார். இந்த நாட்டில் எத்தனை லட்சம் ஏக்கர் செம்பனை! எந்த ஐரோப்பிய நாட்டிலும் செத்த பன்றியைத் தேட இப்படி ஒரு படை கிடையாது, சம்பளம் கொடுத்தாலும் சேர்க்க முடியாது. நம்மிடம் அந்தப் படை தினமும் காலை ஆறு மணிக்குப் பெரட்டில் வரிசையாக நிற்கிறது. அவர்களிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை.

சொன்னால் மட்டும் போதுமா என்றால் போதாது. குலைக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவன் அரை மணி நேரம் நின்று படம் எடுத்து, லைன் கிடைக்கும் மேட்டுக்குப் போய், போனில் பேசினால் அவனுக்குக் காசு போகிறது. அந்த அரை மணி நேரத்துக்கு யார் கொடுப்பது? செத்த விலங்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தால் 50 வெள்ளி என்று சொல்லிப் பாருங்கள், ஒரு மாதத்தில் இந்த மாவட்டத்துக் காட்டில் எங்கே எது செத்துக் கிடக்கிறது என்று படமே வரைந்துவிடலாம். இன்றைக்குக் குலை வெட்டுகிறவர்களில் பாதிப்பேர் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், நேபாளி. மலாயில் மட்டும் அறிவிப்பு ஒட்டினால் அவர்களில் பலரால் வாசிக்க முடியாது, நம் அம்மாமார்களிலும் பலரால் முடியாது. படமாகப் போடுங்கள்: செத்த பன்றி, தொடாதே என்று ஒரு கை, பக்கத்தில் போன் எண்.

எண் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். கால்நடைக்கு ஒரு துறை, காட்டு விலங்குக்குப் பெர்ஹிலித்தான், மனிதருக்குச் சுகாதார அமைச்சு, தெருநாய்க்கு நகராண்மைக் கழகம் என்று பிரித்து வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் கால்வாய் ஓரம் நிற்கிற ஆளுக்கு அந்தப் பிரிவு தெரிய வேண்டிய அவசியம் என்ன? அவன் ஓர் இடத்தில் சொல்லட்டும், யார் வர வேண்டும் என்பதை அவர்கள் உள்ளுக்குள் பேசி முடிவு பண்ணட்டும். தீப்பிடித்தால் 999 அடிக்கிறோம், தீயணைப்புக்கு எந்த மாவட்ட அலுவலகம் என்று யாரும் கேட்பதில்லை.

இன்னும் இரண்டு சொல்லிவிட்டு முடிக்கிறேன். தோட்ட வாசலில் சக்கரம் நனைகிற மாதிரி ஒரு தொட்டி கட்டி மருந்துத் தண்ணீர் விட்டால் என்ன செலவு? நல்ல கோழிப் பண்ணைக்குப் போய்ப் பாருங்கள், தொட்டியில் இறங்கி ஏறாமல் என் லோரியை உள்ளே விட மாட்டார்கள். செம்பனைத் தோட்டத்தில் கேட்டால் சிரிக்கிறார்கள். எல்லா நாளும் வேண்டாம், பக்கத்து மாவட்டத்தில் நோய் என்று செய்தி வந்த அன்றைக்கு ஊற்றுவதற்காவது தொட்டி தயாராக இருக்கட்டும்.

அப்புறம் வௌவால். இதை வாசித்துவிட்டு யாரும் துப்பாக்கியோடு வௌவாலைச் சுடக் கிளம்பிவிடாதீர்கள், இப்படிச் சொன்னால் அப்படிக் கிளம்புகிறவர்கள் நம்மில் உண்டு. டுரியான் பூக்கிறது இரவில், மகரந்தம் கொண்டுபோவது வௌவால்தான். வௌவாலைச் சுட்டுவிட்டு டுரியான் விலை ஏறிவிட்டது என்று புலம்பக்கூடாது. வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பிள்ளைகள் எடுத்துத் தின்னாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆட்டுக் கொட்டகை, பன்றிக் கொட்டகைக்கு மேலே மாமரமும் ரம்புத்தானும் கிளை விரிக்காமல் வெட்டிவிட்டால் போதும். மாமனார் கொட்டகைக்கு மேலே இருந்த பலா மரத்தின் ஒரு கிளையைப் போன வாரம்தான் வெட்டினேன், மாமியார் இன்னும் என்னிடம் பேசவில்லை.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நம் மாவட்டத்தில் செத்த காட்டு விலங்கையோ நோய் கண்ட நாயையோ பார்த்தால் கூப்பிட வேண்டிய எண் எது என்று துறைக்காரர்களிடமே கேட்டு, எடுக்கிற ஆள் இருக்கிறாரா என்று நீங்களே ஒரு தடவை அடித்துப் பார்த்து, பெரிய எழுத்தில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். நான் போகும் தோட்டங்களில் நான்கு பெரட்டுப் பலகை இருக்கிறது, நான்கு பிரதி வாங்கி வெட்டி ஒட்டுவது என் பொறுப்பு. பலகையில் இடமா? போன தீபாவளி வாழ்த்து இன்னும் அங்கேதான் வெளுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைக் கிழித்துவிட்டு ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குலை லோரி ஓட்டுநர் ஒருவர்,
பகாவ், நெகிரி செம்பிலான்